இதய நோயாளரின் மார்பு வலிக்கான செவிலியப் பராமரிப்பு

இதய நோயாளரின் மார்பு வலிக்கான செவிலியப் பராமரிப்பு என்பது, இதய நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்ட அல்லது ஐயுறப்படும் ஒருவருக்கு மார்பில் வலி, அழுத்தம், எரிச்சல் போன்ற உணர்வுகள் தோன்றும்போது செவிலியர் மேற்கொள்ளும் மதிப்பீடு, உடனடி உதவி, கண்காணிப்பு, பதிவு, இடமாற்ற ஆயத்தம் ஆகியவற்றைக் குறிக்கும். மருத்துவமனையில் நோயாளியைப் பெரும்பாலும் முதலில் சந்திப்பவரும், இரவு முழுவதும் அருகில் இருப்பவரும் செவிலியரே. மருத்துவர் வந்து சேர்வதற்கு முன்பான சில நிமிடங்களில் அவர் என்ன கேட்கிறார், எதைச் செய்கிறார், எதைச் செய்யாமல் விடுகிறார் என்பவை நோயாளியின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையவை. இக்கட்டுரை இப்பணியை, காவிரிக் கழிமுகக் கடற்கரையில் தமிழ்நாட்டால் சூழப்பட்ட காரைக்காலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

வலி ஏன் தோன்றுகிறது

இதயத் தசைக்குக் குருதி வழங்குபவை முடியுருத் தமனிகள். இவற்றின் உட்சுவரில் கொழுப்பு முதலியன படிந்து குழாய் குறுகும்போது, உழைக்கும் வேளையில் தசைக்குப் போதிய ஆக்சிசன் கிடைக்காமல் மார்பில் இறுக்கம் ஏற்படுகிறது. ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இதனை 1768 இல் இலண்டனில் விவரித்தார். அவரது கட்டுரை 1772 இல் அச்சானது. ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் தணியும் இவ்வலி நிலையான மார்பு நெரிப்பு எனப்படுகிறது. படிவு வெடித்து, அதன்மேல் குருதி உறைந்து குழாய் அடைபட்டால் ஏற்படுவது மாரடைப்பு. அடைப்பு முழுமையானால் அரை மணி நேரத்துக்குள்ளேயே தசை இறக்கத் தொடங்குகிறது. அடைப்பு நீங்காவிடின் இறப்பு மணிக்கு மணி பரவுகிறது. இறந்த தசை மீண்டும் வளர்வதில்லை.

மார்பு வலிகள் அனைத்தும் இதயத்திலிருந்து வருவன அல்ல. உணவுக்குழாய், நுரையீரல், விலா எலும்பு, அக்கிப்புண் ஆகியனவும் காரணமாகலாம். எனினும் ஏற்கனவே இதய நோய் உள்ளவரின் வலியை, வேறெனத் தெளிவாகும்வரை இதய வலியாகவே கொள்வது செவிலிய நடைமுறை.

காரைக்காலின் அமைவிடமும் காலத்தாழ்வும்

காரைக்கால் மாவட்டம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. ஏறத்தாழ 160 சதுர கி.மீ. பரப்பும், 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2 இலட்சம் மக்கள்தொகையும் உடையது. மாவட்டத்துக்குள் தொலைவு பெரிய தடையன்று. மேற்கே அம்பகரத்தூரிலிருந்தோ தெற்கே திருமலைராயன்பட்டினத்திலிருந்தோ காரைக்கால் நகருக்கு வர அரை மணி நேரமே ஆகும். கடலில் இருக்கும் மீனவர் மட்டும் இதற்கு விலக்கு. வலி தொடங்கிய பின் படகு கரை சேரவே மணிக்கணக்கில் ஆகலாம்.

பெரிய மருத்துவமனைகளுக்கான வழியோ நெடியது. தலைநகரான புதுச்சேரி வடக்கே ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில் உள்ளது. அங்குச் செல்லும் சாலை பூவத்தை அடுத்துத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகச் சென்று மீண்டும் புதுச்சேரிப் பகுதியை அடைகிறது. ஒரே ஆட்சிப்பகுதியின் ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்குப் போக இன்னொரு மாநிலத்தைக் கடக்க வேண்டியுள்ளது. மேற்கே தஞ்சாவூர் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவு. புதுச்சேரியிலுள்ள ஜிப்மர், 1823 இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது. அதன் காரைக்கால் கிளையில் மருத்துவப் படிப்பு 2016 இல் தொடங்கியது.

ஆகவே இங்குக் காலம் கரைவது இரண்டு இடங்களில்: ஒன்று வீடு, மற்றொன்று மேல்சிகிச்சைக்கான சாலை. வீட்டில் கரையும் காலம் எவ்வளவு என்பதை இந்திய அளவில் காட்டியது, 2008 இல் லான்செட் இதழில் வெளியான கிரியேட் என்னும் பதிவேட்டாய்வு. 89 மருத்துவமனைகளில் 20,468 நோயாளரைக் கொண்ட அவ்வாய்வில், அறிகுறி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை அடைவதற்கான இடைநிலைக் காலம் 360 நிமிடங்கள். மருத்துவமனை அடைந்தபின் உறைவு கரைக்கும் மருந்து செலுத்த ஆன இடைநிலைக் காலம் 50 நிமிடங்களே. ஏழை நோயாளரில் 30 நாட்களுக்குள் இறந்தவர் 8.2 விழுக்காடு, வசதி படைத்தோரில் 5.5 விழுக்காடு. வாயிலுக்கு வெளியே போன ஆறு மணி நேரத்தைச் செவிலியரால் மீட்க இயலாது. ஆனால் அந்த 50 நிமிடத்தைக் குறைப்பதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

நோயாளி பயன்படுத்தும் சொற்கள்

பாடநூல்கள் வலியின் தொடக்கம், தன்மை, பரவல், கடுமை, நீடிப்பு, தணிவு ஆகியவற்றைக் கேட்கச் சொல்கின்றன. இவ்வரிசை பயனுள்ளதே. ஆனால் தமிழ் பேசும் நோயாளியிடம் முதல் கேள்வியே தவறிவிடக் கூடும். "வலிக்கிறதா?" என்று கேட்டால் பலர் "வலி இல்லை" என்று உண்மையாகவே விடை சொல்வர், அவர்கள் உணர்வது குத்தும் வலியன்று, பாரம். "நெஞ்சுல என்ன பண்ணுதுங்க ஐயா?" என்று திறந்த வினாவாகக் கேட்டால் "அடைக்குது", "அமுக்குது", "பிசையுது", "கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு", "எரியுது", "ஒரு மாதிரியா வருது" என்னும் சொற்கள் வெளிப்படும். இவை அனைத்தும் இதய வலியின் சொற்களாக இருக்கக் கூடும். நோயாளி பேசாமல் மூடிய கையை மார்பின் நடுவில் வைத்துக் காட்டுவதும் ஓர் அறிகுறியே.

இவற்றுள் மிகவும் இடர் தருவது "வாயு" என்ற சொல். வாயுப் பிடிப்பு, வாயுக் கோளாறு என்று தாமே முடிவு செய்து சோடா, இஞ்சிச் சாறு, ஓமநீர் முதலியவற்றை அருந்திக் காத்திருப்பது தமிழர் வீடுகளில் பரவலான வழக்கம். ஏப்பம் வந்ததும் சற்றுத் தணிந்தது என்பதால் அது இதய வலி அன்று என்று ஆகிவிடாது. அமில நீக்கி மருந்தால் தணிந்தாலும் அவ்வாறே. மறுதலையாக, நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையால் தணிந்தது என்பதால் இதய வலி உறுதியும் ஆகாது. உணவுக்குழாய் இறுக்கமும் அம்மாத்திரைக்குத் தளரும். "கேஸ்" என்று நோயாளி கூறுவதை, செவிலியர் குறிப்பேட்டில் நோய் முடிவாக எழுதாமல், நோயாளியின் கூற்றாகவே எழுத வேண்டும். அச்சொல்லைப் படித்துவிட்டு அடுத்து வருபவரும் அவ்வாறே எண்ணிவிடுவது உண்டு.

நீரிழிவு உள்ளவர்களிடமும் முதியவர்களிடமும் பெண்களிடமும் மார்பில் எதுவுமே தோன்றாமல் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, வாந்தி, மிகுந்த அயர்வு, மயக்கம் என மாரடைப்பு வெளிப்படலாம். தாடை, கழுத்து, தோள், இடக்கை, மேல்வயிறு ஆகிய இடங்களில் மட்டும் வலி இருப்பதும் உண்டு. பல்வலி என்று வந்தவருக்கு இ.சி.ஜி. எடுக்க நேர்வது வியப்புக்குரியதன்று.

முன்பே இதய நோய் உள்ளவரிடம் சில கூடுதல் வினாக்கள் தேவை. இதற்கு முன் மாரடைப்பு வந்ததா, ஸ்டென்ட் வைக்கப்பட்டதா, மாத்திரைகளை இடையில் நிறுத்தினாரா, முன்பு உறைவு கரைக்கும் ஊசி போடப்பட்டதா, பக்கவாதமோ குருதிக்கசிவோ அண்மையில் அறுவையோ உண்டா என்பன அவை. சில்டெனாஃபில் போன்ற ஆண்மைக்குறை மருந்துகளைப் பற்றியும் கேட்டாக வேண்டும். அவற்றோடு நைட்ரேட் சேர்ந்தால் குருதியழுத்தம் உயிருக்கு இடராகும் அளவு வீழும். உறவினர் சூழ நிற்கும்போது இதற்கு எவரும் உண்மை சொல்லார். அவர்களைச் சற்று விலகியிருக்கச் சொல்லிக் கேட்பதே முறை.

முதல் பத்து நிமிடங்கள்

நோயாளி என்ன செய்துகொண்டிருந்தாலும் உடனே நிறுத்தப்படுகிறார். தலைப்பக்கம் உயர்த்திய படுக்கையில் சாய்வாக அமர்த்தப்படுகிறார். குருதியழுத்தம் மிகக் குறைந்திருந்தால் மட்டும் சமமாகப் படுக்க வைக்கப்படுவார். இ.சி.ஜி. அறைக்கு அவரை நடத்திச் செல்லக் கூடாது; கருவிதான் படுக்கைக்கு வர வேண்டும். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று நோயாளி வற்புறுத்துவது மாரடைப்பின்போது அடிக்கடி நிகழ்வது. அங்கேயே மயங்கி விழுந்து இறந்தோர் உண்டு என்பதால் படுக்கையிலேயே கழிகலம் தர வேண்டும். நோயாளியைத் தனியே விடாமல், உதவிக்கு மற்றொருவரைக் குரல் கொடுத்து அழைப்பது முதல் விதி.

நாடித்துடிப்பு, மூச்சு வீதம், குருதியழுத்தம், ஆக்சிசன் செறிவு, குருதிச் சர்க்கரை ஆகியவை அளக்கப்படுகின்றன. குருதியழுத்தத்தை இரு கைகளிலும் பார்ப்பது நேர விரயமன்று. முதுகைக் கிழிப்பது போன்ற வலியும் இரு கைகளுக்கிடையே பெரும் வேறுபாடும் இருந்தால் பெருந்தமனி கிழிவை ஐயுற வேண்டும். அந்நிலையில் மாரடைப்புக்கான மருந்தே கொல்லும்.

பன்னிரு முனை இ.சி.ஜி., நோயாளி வந்த அல்லது வலி தொடங்கிய 10 நிமிடங்களுக்குள் எடுக்கப்பட்டு மருத்துவரின் கண்ணுக்குச் செல்ல வேண்டும் என்பது உலகளாவிய நெறி. எடுத்து மேசையில் வைக்கப்பட்ட தாள், எடுக்கப்படாத தாளுக்குச் சமம். காரைக்கால் போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க கடலோரத்தில், அதிலும் மாரடைப்பின் வியர்வையோடு வரும் ஒருவரின் மார்பில் மின்முனைகள் ஒட்டுவதில்லை. தோலைத் துடைத்து உலர்த்தவும், தேவையெனில் மயிரை மழிக்கவும் ஒரு நிமிடம் செலவிடுவது, தெளிவற்ற வரைவை மூன்று முறை எடுப்பதிலும் விரைவானது. பெண் நோயாளிக்குத் திரையிட்டு, போர்வையால் மூடியபடி முனைகளை உரிய இடத்தில் பொருத்த வேண்டும். கூச்சத்தால் முனைகளை இடம் மாற்றி ஒட்டுவதால் வரைவு பொய் சொல்லும். இதயத்தின் கீழ்ச்சுவர் பாதிப்புத் தெரிந்தால் வலப்பக்க மார்பிலும் முனைகளை வைத்து மீண்டும் எடுப்பர்.

முதல் வரைவு இயல்பாக இருந்தும் வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒரு முறை மீண்டும் எடுக்க வேண்டும். வலி இருக்கும்போது எடுத்த வரைவுக்கு, அது தணிந்தபின் எடுத்ததைவிட மதிப்பு அதிகம். பழைய வரைவு நோயாளியின் கோப்பில் இருந்தால் இரண்டையும் ஒப்பிட மருத்துவரிடம் சேர்த்துக் கொடுப்பது நல்லது. ட்ரோபோனின் என்னும் புரதத்துக்கான குருதிச் சோதனை வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் இயல்பாகவே காட்டக்கூடும். அதன் முடிவுக்காகச் சிகிச்சை காத்திருப்பதில்லை.

மாரடைப்பால் நேரும் இறப்புகளில் பெரும்பகுதி முதல் மணி நேரத்தில், கீழறை நடுக்கம் என்னும் தாறுமாறான துடிப்பால் ஏற்படுகிறது. எனவே இதயத்துடிப்பு காட்டியும் மின்னதிர்வுக் கருவியும் தொடக்கத்திலேயே அருகில் இருக்க வேண்டும். நோயாளி நினைவிழந்து மூச்சற்றுப் போனால் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை மார்பழுத்தம் தொடங்கி, உடனே மின்னதிர்வு தரப்படுகிறது. உயிர்ப்பித்தல் முயற்சியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது.

மருந்துகளும் மாறிய நடைமுறைகளும்

மார்ஃபின், ஆக்சிசன், நைட்ரேட், ஆஸ்பிரின் என்னும் நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து "மோனா" என்று பல தலைமுறைச் செவிலிய மாணவர் மனப்பாடம் செய்தனர். இச்சொல் இன்றும் வகுப்பறைகளில் ஒலிக்கிறது. ஆனால் நான்கில் ஒன்றுதான் பழைய இடத்திலேயே நிற்கிறது.

அது ஆஸ்பிரின். 17,187 நோயாளரைக் கொண்டு 1988 இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் ஆஸ்பிரின் மட்டுமே இறப்பை ஏறத்தாழ 23 விழுக்காடும், ஸ்ட்ரெப்டோகைனேஸ் 25 விழுக்காடும், இரண்டும் சேர்ந்து 42 விழுக்காடும் குறைத்தன. சில காசுகளுக்குக் கிடைக்கும் ஒரு மாத்திரையால் இது நிகழ்ந்தது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 150 முதல் 300 மி.கி. வரை, மென்று விழுங்கச் செய்ய வேண்டும். ஒவ்வாமையும் குருதிக்கசிவும் இல்லையென உறுதி செய்த பிறகே தரப்படும்.

ஆக்சிசன் அனைவருக்கும் தரப்பட்ட காலம் முடிந்துவிட்டது. 2015 இல் ஆத்திரேலியாவிலும் 2017 இல் சுவீடனிலும் வெளியான ஆய்வுகள், குருதியில் ஆக்சிசன் போதிய அளவில் உள்ளவருக்கு அதனால் நன்மை இல்லை என்று காட்டின. இன்று செறிவு 90 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அல்லது மூச்சுத்திணறல் இருந்தால் தரப்படுகிறது. முகமூடி மாட்டாவிட்டால் கவனிக்கவில்லை என்று உறவினர் எண்ணுவதால், ஏன் தரவில்லை என்பதை அவர்களுக்கு இரண்டு சொற்களில் விளக்குவதும் செவிலியர் பணியாகிறது. மார்ஃபின், குருதித்தட்டுகளைத் தடுக்கும் மாத்திரைகள் உட்கவரப்படுவதைத் தாமதப்படுத்துவதாக அறியப்பட்டபின், தாங்கொணா வலிக்கு மட்டும் ஒதுக்கப்பட்டுள்ளது.

நைட்ரேட் மாத்திரை இதய நோயாளர் பலர் சட்டைப்பையிலேயே வைத்திருப்பது. மேல் அழுத்தம் 90 க்குக் கீழ் இருந்தாலோ வலக் கீழறை பாதிக்கப்பட்டிருந்தாலோ அது தரப்படாது. நோயாளி உட்கார்ந்த நிலையில் வைத்துக்கொள்ள வேண்டும்; நின்றபடி வைத்தால் தலைசுற்றி விழுவார். ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று மாத்திரை வரை வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு மருத்துவமனைக்குப் புறப்படலாம் என்பது பழைய அறிவுரை. முதல் மாத்திரைக்கு ஐந்து நிமிடங்களில் வலி தணியாவிட்டாலே 108 ஐ அழைக்க வேண்டும் என்பது இன்றைய அறிவுரை. அமெரிக்க இதயவியல் நெறிமுறை 2004 இல் இம்மாற்றத்தைச் செய்தது. வீடு திரும்பும் நோயாளிக்கு இதனைச் சொல்லி அனுப்புவது யார் என்று எங்கும் எழுதப்படுவதில்லை. நடைமுறையில் அது செவிலியரே.

வலிக்காகத் தசையில் ஊசி போடுவது தவிர்க்கப்பட வேண்டும். பின்னர் உறைவு கரைக்கும் மருந்து செலுத்தினால் ஊசி போட்ட இடத்திலேயே குருதி கசிந்து கட்டும்.

உறைவு கரைத்தலும் இடமாற்றமும்

முழு அடைப்பு மாரடைப்புக்குச் சிறந்த சிகிச்சை, குழாய் செலுத்தி அடைப்பை நீக்குதல். நோய் கண்டறிந்த 120 நிமிடங்களுக்குள் அதனைச் செய்ய இயலாதெனில், முதலில் உறைவு கரைக்கும் மருந்தைச் செலுத்தி, உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கழிமுகப் பகுதியின் பல ஊர்களுக்குப் பொருந்துவது இவ்விரண்டாம் வழியே.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 இலட்சம் அலகு, 30 முதல் 60 நிமிடங்களில் சிரைவழி இறக்கப்படுகிறது. இறங்கும் வேளையில் குருதியழுத்தம் திடீரென வீழலாம். சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளந்து, வீழ்ந்தால் வேகத்தைக் குறைத்து மருத்துவரை அழைக்க வேண்டும். முன்பு ஒரு முறை இதைப் பெற்றவரின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கும் என்பதால் மீண்டும் தரப்படுவதில்லை. இதய நோயாளியின் பழைய வெளியேற்றச் சீட்டு இவ்விடத்தில்தான் உயிர் காக்கும் தாளாகிறது. டெனெக்டெப்ளேஸ் ஒரே ஊசியாகத் தரப்படுவது. அளவு உடல் எடையைப் பொறுத்தது என்பதால் எடையைச் செவிலியர் முன்கூட்டியே குறித்து வைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். பேச்சுக் குழறல், கடும் தலைவலி, ஒரு பக்கத் தளர்ச்சி ஆகியன மூளைக் குருதிக்கசிவின் அடையாளங்கள்.

60 முதல் 90 நிமிடங்களில் மீண்டும் எடுக்கும் இ.சி.ஜி.யில் உயர்ந்திருந்த பகுதி பாதியளவாவது இறங்கவில்லையெனில் மருந்து பலிக்கவில்லை என்று பொருள். அதற்குப் பிறகு வண்டி தேடத் தொடங்கினால் காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்கோ தஞ்சாவூருக்கோ சென்று சேர இரவே கழிந்துவிடும். எனவே மருந்து இறங்கத் தொடங்கும்போதே ஆம்புலன்சும் சேரும் மருத்துவமனையும் உறுதி செய்யப்பட வேண்டும். இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள விரும்பும் மாணவர் இதனைக் கொள்ளலாம்.

நோயாளியோடு போகும் தாளில் வலி தொடங்கிய நேரம், முதல் இ.சி.ஜி. நேரம், தந்த மருந்துகளும் அளவும் நேரமும், ஒவ்வாமை, கடைசி அழுத்தம் ஆகியன இருக்க வேண்டும். "காலையில்" என்பது நேரமன்று, "6.20" என்பதே நேரம். வரைவுகளின் நகலும், குடும்ப அட்டை, ஆதார் போன்றவையும் உடன் செல்வது நல்லது. தமிழ்நாட்டு அரசின் காப்பீட்டுத் திட்டம் அம்மாநிலத்தவருக்கே உரியது என்பதால், எல்லை கடந்து செல்லும் காரைக்கால் குடும்பம் தனக்குரிய திட்டம் எது என்பதை அங்குச் சென்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

செவிலியரின் அதிகாரம்

1960களின் தொடக்கம்வரை மாரடைப்பு நோயாளர் பொதுப் பிரிவுகளில் சிதறிக் கிடந்தனர். துடிப்பு தாறுமாறானபோது மருத்துவர் வருவதற்குள் இறந்தனர். 1961 இல் எடின்பரோவின் டெசுமண்ட் ஜூலியன் இதயத் தீவிரப் பிரிவு என்னும் கருத்தை முன்வைத்தார். பிலடெல்பியாவில் லாரன்சு மெல்ட்சரும் செவிலியர் ரோசு பின்னியோவும் அதனை ஒரு படி முன்னே கொண்டு சென்றனர். துடிப்பை வாசிக்கவும், மருத்துவர் வரும்முன் மின்னதிர்வு தரவும் செவிலியரே பயிற்றுவிக்கப்பட்டனர். அன்று இது கடும் ஐயத்துடன் பார்க்கப்பட்டது. இறப்பைக் குறைத்தது கருவி மட்டுமன்று, அதனைக் காத்திராமல் இயக்கும் உரிமையும்தான் என்பதே அப்பிரிவுகளின் வரலாறு கூறுவது.

தமிழ்நாட்டில் இவ்வுரிமை மருத்துவமனைக்கு வெளியேயும் நீண்டுள்ளது. சிறு மருத்துவமனைகளைக் குழாய்ச் சிகிச்சை மையங்களோடு இணைத்த ஒரு திட்டத்தின் முடிவுகள் 2017 இல் வெளியாயின. 2,420 நோயாளரைக் கொண்ட அதில் ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023 இல் அரசு தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் 14 மாத்திரைகள் கொண்ட முதல் தவணை மருந்து வைக்கப்பட்டுள்ளது: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோகிரெல் 75 மி.கி. நான்கு, அடோர்வாஸ்டேட்டின் 10 மி.கி. எட்டு. துணை நிலையத்தில் நிலையாக மருத்துவர் இருப்பதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவரை எதிர்கொள்வது அங்குள்ள செவிலியர்.

இத்திட்டம் தமிழ்நாட்டு அரசுக்குரியது. நண்டலாற்றுக்கு வடக்கேயும் வாஞ்சூருக்குத் தெற்கேயும் உள்ள நிலையங்கள் அதன்கீழ் வருவன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காரைக்காலின் சுகாதார நிலையங்கள் புதுச்சேரி அரசின் நலவழித்துறையைச் சேர்ந்தவை. அங்குள்ள செவிலியர் எந்த மருந்தை எப்போது தரலாம் என்பதை அத்துறையின் நிலையாணைகளே வரையறுக்கின்றன.